நல்லாருக்கு மாமாவின் மெழுகு ஜன்னல்

அந்த முன்னறைக்குள் வெயில் ஒருநாளும் அவசரப்பட்டு நுழைந்ததில்லை. முதலில் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்க்கும். அப்புறம் தரைக்கு இறங்கும், பாயில் ஏறும், தூங்கிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு குழந்தையின் பாதத்தைத் தொடும், சுவரோரம் அடுக்கிய சின்னச் சின்னச் செருப்புகளை ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு அங்கேயே கரைந்துபோகும். அதற்குள் மத்தியானம் ஆகியிருக்கும்.

முதல் மாடி வீடு. கீழே பஸ் நிறுத்தம். வேலைக்குப் போகிற அம்மாக்கள் குழந்தையை மேலே விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கி ஓடுவார்கள். அம்மாவின் தலை மறைந்ததும் குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கும். இதை அம்மாக்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள், சொல்லவும் கூடாது. காப்பகத்தை நடத்துகிறவளைக் குழந்தைகள் டீச்சரம்மா என்பார்கள். அவளுக்கென்று குழந்தை இல்லை. காலையில் கதவைத் திறந்த பிறகு அந்தக் குறையை நினைத்துப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

அவளுடைய கணவர் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். கடைக்கு விடுமுறை நாளில் மட்டும் அவர் குழந்தைகளுக்கு மாமா. வெறும் மாமா இல்லை, நல்லாருக்கு மாமா. படம் வரைந்து காட்டினால் நல்லாருக்கு. புதுச் சட்டையைக் காட்டினால் நல்லாருக்கு. மூக்கைச் சிந்திய கைக்குட்டையை விரித்துக் காட்டினாலும், குழந்தை வாடிவிடக்கூடாதே என்று, நல்லாருக்கு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் அவருக்கு நல்ல பெயர். இப்படி ஒருத்தர் நமக்கு வாய்க்கவில்லையே என்று டீச்சரம்மாவிடம் ஏங்கிய பெண்களும் உண்டு.

உண்மை வேறு. அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இரண்டும் ஒரு மங்கலான குடும்பமாகத்தான் அவர் கண்ணுக்கு வரும், பழுப்பும் அந்தக் குடும்பத்தில் ஒரு சித்தப்பா. இது யாருக்கும் தெரியாது. மனைவிக்கும் தெரியாது, கூடப் பிறந்த தங்கைக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம், அதற்கு வாழ்நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் மைதானத்துப் புல்லுக்குச் சிவப்பு அடித்தார். வாத்தியார் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட மக்கு என்ற பெயர் அவர் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும்வரை கூடவே வந்தது. கணக்கு நன்றாகத்தான் போட்டார். ஆனால் மக்கு போட்ட கணக்கு என்று அதையும் இரண்டு தடவை சரிபார்த்தார்கள். போகப்போக அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. படிப்பு நின்றது.

அதற்குப் பிறகு அவர் சில வித்தைகளைக் கற்றுக்கொண்டார். வண்ணக்குச்சி என்றால் மேலே சுற்றிய காகிதத்தில் இருக்கும் பெயரைப் படித்துவிடவேண்டும். காகிதம் கிழிந்திருந்தால் பக்கத்தில் இருப்பவன் கை எதை எடுக்கிறது என்று பார்க்கவேண்டும். அதுவும் இல்லையென்றால் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பேசவேண்டும், தப்பான பக்கம் போனால் முகமே சொல்லிவிடும். எல்லாம் கைவிட்டால் இருக்கவே இருக்கிறது சிரிப்பு. மற்றவர்கள் சிரிப்பதற்கு முன் தானே சிரித்துவிட்டால் போதும். சிரிக்க வைக்கிறவனை யாரும் மக்கு என்று சொல்வதில்லை, குறும்புக்காரன் என்றுதான் சொல்வார்கள்.

இஸ்திரி வேலை அவருக்குச் சௌகரியமாக அமைந்தது. துணியின் நிறத்தைப் பற்றி இஸ்திரிப்பெட்டிக்குக் கவலையில்லை. விரல் நுனியால் ஒரு தடவை தொட்டால் போதும், எவ்வளவு சூடு தாங்கும் என்று துணியே சொல்லிவிடும். மூட்டைகளுக்கு நம்பர் கட்டியிருக்கும். நாளெல்லாம் ஆவிக்கு நடுவில் நின்று, சுருக்கங்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்வதைப் பார்த்தபடி கனவு கண்டுகொண்டிருக்கலாம். பார்க்கத் தெரியாதவர் என்று அவரை நினைத்துவிடவேண்டாம். நீலம் என்றால் அவருக்கு உயிர். பள்ளிச் சீருடை மூட்டையில் ஒரு நீலச் சட்டை தலைகாட்டினால், அதைக் கடைசிவரை வைத்திருந்து ஆசை தீரத் தேய்ப்பார். ஒரே சாம்பல் வெள்ளை என்று மற்றவர்கள் சொல்லும் சுவரில் அவர் பல வெளிச்சங்களைப் பார்ப்பார். அதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொள்ளவேண்டாம் என்றுதான்.

வெயில்பிடி செய்யும் யோசனை டீச்சரம்மாவுடையது. காப்பகத்தில் உடைந்த கிரேயான் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பென்சில் துருவியில் சீவி, அந்தச் சீவலை இரண்டு மெழுகுத்தாளுக்கு நடுவில் தூவவேண்டும். மேலேயும் கீழேயும் பழைய செய்தித்தாள் வைத்து, இளஞ்சூட்டில் இஸ்திரிப்பெட்டியை வைத்து எடுக்கவேண்டும். இழுக்கக்கூடாது. இழுத்தால் எல்லா நிறமும் ஓடிப்போய் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு சேறாகிவிடும். வைக்கவேண்டும், எடுக்கவேண்டும், வைக்கவேண்டும், எடுக்கவேண்டும். ஆறியதும் வெட்டி, நூல் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டால், அந்தப்பக்கத்து வெயில் அதற்குள் புகுந்து தரையில் வண்ணமாக விழும். குழந்தைகள் அந்த வண்ணத்தைக் கையால் அள்ளிப் பார்ப்பார்கள், காலால் மிதித்துப் பார்ப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் ஒன்றிரண்டு அதன்மேலேயே படுத்துக்கொள்ளும்.

சூடு சம்பந்தப்பட்டதெல்லாம் மாமா பொறுப்பு. மேசையின் மறுகோடியில் அவர் நிற்பார், அவருக்கு முன்னால் தரையில் பட்டையாக ஒரு நாடா ஒட்டியிருக்கும். நாடாவைத் தாண்டுகிற காலுக்கு அன்றைக்கு வெயில்பிடி கிடையாது. கிரேயானின் காகிதத்தை உரித்து, நிறம் நிறமாகக் கிண்ணங்களில் போடும் வேலையையும் அவரே முந்தைய நாள் வாங்கிக்கொள்வார். எவ்வளவு பொறுப்பு என்று மனைவிக்குப் பெருமை. பெயரைப் படித்துவிட்டு உரிக்கிறார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

இந்த நேரத்தில்தான் தங்கையிடமிருந்து போன் வந்தது.

தங்கைக்கு பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அவள் கணவன் கப்பலில் வேலை செய்கிறவன், வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோவான். ஒரே பையன், ஐந்து வயது. ஒரு இடத்தில் நிற்காமல் எதையாவது தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பதால் எறும்பு என்று கூப்பிடுவார்கள். பகலில் இந்தக் காப்பகத்தில்தான் வளர்கிறான். அவனைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனாள். எண் சொன்னான், எழுத்து சொன்னான், பாட்டுகூடப் பாடினான். பிறகு வண்ண அட்டைகளைப் பரப்பிவைத்து, சிவப்பு எது என்று கேட்டிருக்கிறார்கள். பச்சையைத் தொட்டான். பச்சை எது என்றால் பழுப்பைத் தொட்டான். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியவில்லை, புத்தி வளர்ச்சி போதவில்லை போலிருக்கிறது, எதற்கும் அடுத்த வாரம் ஒருதடவை கூட்டிவாருங்கள், அப்போதும் இப்படி என்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"தினம் ராத்திரி உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கறேன் அண்ணா. இன்னிக்குச் சரியா சொல்றான், நாளைக்கு மறந்துடறான். வேணும்னே பண்றானா, ஒண்ணும் புரியல" என்றாள். குரல் உடைந்திருந்தது.

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது, "சின்னப் பையன்தானே, சரியாயிடும்" என்பதுதான். அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. குழந்தை விளையாட்டுப் புத்தியில் சொல்லியிருக்கலாம், நம் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டார். கோழை என்று அவரைத் திட்டத் தோன்றுகிறது. ஆனால் இத்தனை வருஷம் புதைத்து வைத்ததை எந்தப் பக்கமிருந்து தோண்டுவது என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

கடை விடுமுறை நாள் வந்தது. தங்கைக்கும் அன்று விடுமுறை. மகன் என்னதான் செய்கிறான் என்று பார்க்க ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மேசையருகே உட்கார்ந்துவிட்டாள். மாமா கைகழுவிவிட்டு வந்து கிண்ணத்தைப் பார்த்தார். ஒரே ஒரு பெரிய கிண்ணம். அதில் எல்லாத் துண்டுகளும் காகிதமில்லாமல் கிடந்தன.

"நேத்தே வெந்நீர்ல போட்டு எல்லாத்தையும் உரிச்சிட்டேன். உங்களுக்கு வேலை மிச்சம்" என்றாள் மனைவி. அவள் ஆசையாகச் செய்த உதவி. அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

அன்றைக்குப் பழமரம் செய்வது என்று முடிவாகியிருந்தது. பச்சை இலை, சிவப்புப் பழம். உலகத்தில் எத்தனையோ இருக்க, இதுதானா கிடைத்தது என்று அவர் மனதுக்குள் நொந்துகொண்டார். குழந்தைகள் துருவியைத் திருக ஆரம்பித்தார்கள். அறையில் மெழுகு வாசனை எழுந்தது. சீவல்கள் சுருள்சுருளாகத் தாளில் விழுந்தன, ஜன்னல் வெயில் அவற்றின்மேல் நகர்ந்து வந்தது. துருவியின் கிரீச்சும் கீழே பஸ் நின்று கிளம்பும் சத்தமும் மட்டும்தான். அந்த அமைதியில் அவருக்கே பயம் மறந்துவிட்டது.

"மாமா, எனக்குப் பச்சை தீந்துபோச்சு. ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றாள் வக்கீல். நாலு வயதுப் பெண். எதற்கும் ஏன் என்று கேட்பாள், பதில் சொன்னால் ஆதாரம் கேட்பாள். அதனால் அந்தப் பெயர்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். நீலம் தெரிந்தது, மஞ்சள் தெரிந்தது. மிச்சமெல்லாம் ஒரே குடும்பம். அதில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது செகப்பு" என்றாள் வக்கீல்.

"அடடா, அதுக்குள்ள பழுத்துடுச்சா?" என்றார் மாமா. அறையே சிரித்தது. தங்கை சிரித்தாள், மனைவி சமையலறையிலிருந்து சிரித்தாள். ஒரே ஒருத்தன் சிரிக்கவில்லை. எறும்பு மாமாவின் முகத்தைப் பார்த்தான், அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தான், மறுபடியும் முகத்தைப் பார்த்தான்.

அதுவரை எறும்பு வக்கீலின் கையைப் பார்த்துத்தான் வேலை செய்துகொண்டிருந்தான். அவள் எதை எடுத்தாளோ அதை எடுத்தான். தங்கை அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"பாத்துப் பண்ணாத. இந்தப் பக்கம் வந்து உக்காரு. நீயா எடு" என்று அவனைத் தூக்கி மேசையின் மறுபக்கம் உட்காரவைத்தாள்.

எறும்பு ஒரு துண்டை எடுத்தான். ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தான். மோந்து பார்த்தான். அம்மா அந்தப்பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான்.

மாமாவின் வாயில் மெழுகின் சப்பென்ற ருசி வந்தது. நிறத்துக்கு நிறம் ருசி மாறும் என்று அவரும் ஒருகாலத்தில் நம்பியிருந்தார். டெஸ்க்குக்கு அடியில் குனிந்துகொண்டு ஒவ்வொரு குச்சியாக நக்கிப் பார்த்திருக்கிறார். எல்லாம் ஒரே ருசிதான். அந்த ஏமாற்றம் இப்போது பையனின் முகத்தில் அப்படியே வந்து நின்றது. எறும்பு கைக்கு வந்ததைச் சீவித் தூவிவிட்டு, தாளைக் கொண்டுவந்து நாடாவுக்கு இந்தப்பக்கம் நின்று நீட்டினான்.

அவர் வைத்தார், எடுத்தார். வைத்தார், எடுத்தார். செய்தித்தாளை விலக்கியபோது தங்கை எழுந்து வந்து பார்த்தாள். மரம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. பழமெல்லாம் பச்சை. நடுநடுவே இரண்டும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தன.

"எத்தன ராத்திரி உக்காந்து சொல்லிக் குடுத்தேன்" என்றாள். கை ஓங்கிவிட்டது, நல்லவேளை இறங்கவில்லை. "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையாடா?"

"மாமாவும் தப்பாத்தான் எடுத்தாரு" என்றான் எறும்பு, காதில் விழாத குரலில்.

"மாமா வெளையாடறாரு. மாமாவுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியல."

பழக்கதோஷத்தில் மாமாவின் முகத்தில் இன்னும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே அதோடு தப்பித்துப்போய்விடலாம். எப்போதும் அப்படித்தான் போயிருக்கிறார். ஆனால் இன்றைக்கு அவர் வெளியே போனால் உள்ளே தனியாக மாட்டிக்கொள்வது அந்தப் பையன். பையன் அழவில்லை. அழாமல் நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டான், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நான் வெளையாடல" என்றார்.

"நீ சும்மா இரு அண்ணா."

"நிஜமாத்தான் சொல்றேன். எது செகப்பு, எது பச்சைன்னு எனக்குத் தெரியாது. சின்ன வயசுலேந்தே தெரியாது."

அறை நின்றுபோனது. வக்கீல் மட்டும் நிற்கவில்லை. கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "இது?"

"தெரியல."

"இது?"

"பச்சையா? தெரியலம்மா."

"இது?"

"நீலம்."

"அது கரெக்ட்" என்றாள் வக்கீல். யோசித்துவிட்டுத் தங்கையிடம் திரும்பினாள். "இவரு பொய் சொல்லல ஆன்ட்டி."

சமையலறை வாசலில் டம்ளர் தட்டோடு நின்றிருந்த மனைவி, தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டுத் தரையிலேயே வைத்தாள்.

"கதவுக்குச் சாம்பல் கலர் பெயின்ட் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். ரோஸ் வாங்கிட்டு வந்து, ஒரு மாறுதலுக்குன்னு சொன்னீங்க" என்றாள் மெதுவாக. "இத்தன வருஷமா அந்த ரோஸ் கதவைப் பாத்துக்கிட்டேதான் தெனமும் எழுந்திருக்கேன்."

"அது ரோஸா?" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. "அப்ப நான் உடுத்தின ஒவ்வொண்ணுக்கும் நல்லாருக்குன்னு சொன்னீங்களே. அதெல்லாம்?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை என்று அவள் முகம் ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தங்கை மகனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்ப இவனுக்கும்..."

"இவன் மக்கு இல்ல. மூளையில ஒரு குறையும் இல்ல. மாமனைக் கொண்டு பொறந்திருக்கான், அவ்வளவுதான்."

"நேத்து இவன அடிச்சேன் அண்ணா" என்றாள். சொல்லி முடித்ததும் அழுகை கோபமாகத் திரும்பியது. "அன்னிக்கே போன்ல சொன்னேனே. உனக்கு அப்பவே தெரியுமில்ல? ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு" என்றார்.

அவள் அவரை உடனே மன்னித்துவிடவில்லை. ஏன் மன்னிக்கவேண்டும்? மகனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் தலையில் முகத்தைப் புதைத்து அழுதாள். எறும்பு அம்மாவின் கன்னத்தை மெழுகு ஒட்டிய கையால் துடைத்துவிட்டு, அங்கே ஒரு கோடு போட்டுவிட்டான். கொஞ்சநேரம் கழித்து, "திங்கக்கிழமை நானும் ஸ்கூலுக்கு வரேன்" என்றார் அண்ணன். "இவன் பக்கத்துல உக்காந்துக்கறேன். அந்த அட்டையெல்லாம் எனக்கும் காட்டட்டும்."

"கடை?"

"ஒருநாள் சுருக்கத்தோட போட்டுக்கட்டும் எல்லாரும்."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். "மொதல்ல ரெண்டு பேரும் கண் டாக்டர்கிட்ட வாங்க" என்றாள். கோபம் தீர்ந்தது என்று அதற்கு அர்த்தமில்லை, ஆனால் ரெண்டு பேரும் என்று சொன்னாளே.

தங்கையும் டீச்சரம்மாவும் சமையலறைக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள். தன் ரோஸ் கதவு அடிபடுவது மாமாவின் காதில் விழுந்தது. அவர் தாள்களை வெட்டி, நூல் கட்டி, ஒவ்வொன்றாக ஜன்னலில் மாட்டினார். வெயில் இப்போது நன்றாக ஏறியிருந்தது. தரையெங்கும் மெழுகு வெளிச்சம் அசைந்தது. குழந்தைகள் அதற்குள் படுத்துப் புரண்டார்கள். வக்கீல் தன் பழத்தின் வெளிச்சத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தூங்கியே போனாள்.

எறும்பு வந்து அவர் விரலைப் பிடித்து இழுத்தான். அவன் தாளும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, இதுல ரெண்டு கலர் இருக்குன்னு வக்கீல் சொன்னா. உனக்கு எத்தன தெரியுது?"

"ஒண்ணுதான்டா."

"எனக்கும் ஒண்ணுதான்." ஒரு பெரிய விஷயம் உறுதியான நிம்மதியில் அவன் அவர் காலில் சாய்ந்துகொண்டான். "அது எப்படி இருக்கு, சொல்லு."

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. என்ன நிறம் என்றுதான் கேட்பார்கள். அவர் தாளையே உற்றுப் பார்த்தார். "ஓரத்துல கொஞ்சம் இருட்டா இருக்கு. மழை நின்ன பெறகு மரத்துப் பட்டை இருக்குமே, அந்த மாதிரி. உள்ள போகப்போக வெளுத்துக்கிட்டே போகுது. நடுவுல..." அதற்குமேல் அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. நடுவில் இருப்பதை அவர் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அதற்கு ஒரு பெயர் வைக்கவேண்டிய அவசியம் வந்ததேயில்லை.

எறும்பு தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"நடுவுல சூடா இருக்கு" என்றான்.

அவர் பார்த்தார். ஆமாம், சூடாகத்தான் இருந்தது. கண் கலங்கியதில் தாள் முழுவதும் ஒருதடவை அசைந்து அடங்கியது. "ஆமாடா" என்றார். ஒரு நிறத்தைப் பற்றி, அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் அவர் ஆமாம் என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.